இரவல் டயர்

மாப்ளே,

என் வலது கையில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் நகக்கண்ணில் நிற்கிறது. காலையில் உன் ஜீப்பைப் பார்க்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நாம் எப்போதும் போகும் அதே தகரக் கொட்டகையில்தான் நிற்கிறது. பானெட் இன்னும் காயவில்லை என்று பெயின்டர் சொன்னதைக் கேட்காமல் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது, உனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால், "இஞ்சினியரு கைரேகை வச்சுட்டாருடா, இனிமே வண்டி பாஸு" என்று கொட்டகைக்கே கேட்கும்படி கத்தியிருப்பாய்.

புதன்கிழமை எஃப்.சி. வருடத்துக்கு ஒருமுறை வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓடத் தகுதியானதுதான் என்று சீட்டு வாங்கும் நாள். நீ போன பிறகு ஜீப்பை விற்றுவிடச் சொல்லிப் பலர் உன் வீட்டுக்காரியிடம் வந்தார்கள். தங்கச்சி விற்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் உன்னோடு ஓட்டிய முருகனை டிரைவராகப் போட்டிருக்கிறாள். தினமும் காலையில் அதே ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே போடிமெட்டு ஏறுகிறது வண்டி.

முருகன் நான்கு டயர்களையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். பின்சக்கரம் இரண்டும் மொட்டை.

"அண்ணே, புது டயரு வர பத்து நாளாகுமாம். ஸ்டாண்டுல ஒருத்தரு வண்டியில நாலும் புதுசா கெடக்கு. ஒரு நாளைக்கு எரவல் வாங்கி மாட்டிட்டுப் போயிட்டு வெரசா வந்துர்றேன். அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பெயின்ட் வாடையும் அந்த "எரவல்" என்ற சொல்லும் ஒன்றாக வந்ததும் பெயின்டரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதம் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மனதில் ஆரம்பித்ததுதான்.

ஒரே பெஞ்சில் பத்து வருடம் உட்கார்ந்தோம். நான் கணக்கில் தப்பித்தேன், நீ கியரில் தப்பித்தாய். நான் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெரிய கம்பெனி புதிதாகப் பயணிகள் விமானம் செய்கிறது, அதன் இறக்கைக்கு நாங்கள் இங்கே உட்கார்ந்து பலம் கணக்குப் போடுகிறோம் என்று முதல் லீவில் உன்னிடம் சொன்னேன். அலுமினியத்தில் செய்யவில்லை, கார்பன் நூலைத் துணி மாதிரி அடுக்கி, பிசின் ஊற்றி, பெரிய அடுப்பில் வேகவைத்து எடுக்கிறார்கள் என்றேன். ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நீ மட்டும் ஸ்டெப்னி டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "இதுக்குள்ளயும் நூலுதான மாப்ளே, ரப்பருக்குள்ள நூலு. இது இருபது பேரத் தூக்குது. அது இருநூறு பேரத் தூக்காதா?" என்றாய். என் மேனேஜருக்கு அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கே முன்பதிவும் செய்துவிட்டாய். "உம் பிளேனு பறக்குறப்ப மொத சீட்டு எனக்கு. சன்னலோரம், உன் இறக்கைக்குப் பக்கத்துல. நம்ம மலைய மேல இருந்து ஒரு தடவ பாத்துரணும்." இறக்கை ஓரம் உட்கார்ந்தால் மலை தெரியாதே என்றேன். "அப்ப நீ கணக்குப் போட்ட இறக்கைய யாருடா பாக்குறது?" என்றாய்.

அதன் பிறகு விமானம் பறக்க வேண்டிய நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை ஆணிகள் வந்து சேரவில்லை. ஒருமுறை ஒரு நாட்டில் செய்த முன்பாகமும் இன்னொரு நாட்டில் செய்த நடுப்பாகமும் சேர்த்துப் பார்த்தால் விரல் நுழையும் இடைவெளி. ஒருமுறை மென்பொருள். நான் ஊருக்கு வந்து பஸ்ஸிலிருந்து கால் கீழே வைப்பதற்குள் உன் குரல் வரும்: "பறந்துருச்சா?" பிறகு ஸ்டாண்டே கேட்க ஆரம்பித்தது. ரோடு போடத் தாமதமானால், கல்யாணம் தள்ளிப்போனால், "மாப்ள பிளேனு மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரும். காட்டிக்கொள்ள மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காது சிவந்துவிடும் என்று தங்கச்சி பின்னால் சொன்னாள்.

அந்தக் கேலியை நிறுத்தத்தான் அந்த வீடியோவைக் கொண்டுவந்தேன். விமானத்தை முதன்முதலாக விமானக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து உலகத்துக்குக் காட்டிய விழா. விளக்கு, இசை, கைதட்டல், வெள்ளையும் நீலமுமாகப் பளபளவென்று விமானம். டீக்கடையில் என் லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எல்லோரும் அடேயப்பா போட்டு முடித்த பிறகு நீ டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டாய்.

"ஏன் மாப்ளே, இம்புட்டு நேரம் சுத்திச் சுத்திக் காட்டுறாய்ங்க. ஒருத்தன்கூட கதவத் தொறந்து காட்டலயே?"

உன்னைத் தனியாகக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். உள்ளே ஒன்றும் கிடையாது. வயர் இல்லை, சீட் இல்லை. சரியான ஆணிகள் வராததால் கடையில் வாங்கிய சாதா ஆணிகளைத் தற்காலிகமாகப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தேதி சொல்லிவிட்டார்கள், காட்டியாக வேண்டும். விழா முடிந்ததும் அத்தனையையும் கழற்றி எடுக்க வேண்டும்.

நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "அப்ப அதுவும் எரவல் டயருதானா! நான் என்னமோ வெளிநாட்டுக்காரன்னு நெனச்சேன். நம்ம ஸ்டாண்டு ஆளுதாண்டா அவன்!"

அந்த வாரம்தான் உன் ஜீப்புக்கும் எஃப்.சி. ஸ்டாண்டில் எல்லோரும் செய்வதுதான். யார் வண்டியில் டயர் புதிதாக இருக்கிறதோ அவன் அன்றைக்கு வண்டியைக் கல்லில் நிறுத்திவிட்டு நான்கையும் கழற்றித் தருவான். முதலுதவிப் பெட்டி ஒன்று ஸ்டாண்டுக்கே பொது. நாளைக்கு அவன் முறை வரும்போது இன்னொருவன் தருவான். அதில் ஏமாற்று இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை, ஒருவருக்கொருவர் உதவி என்றுதான் பேர். நானும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு டயர்களைத் தெருவில் உருட்டிவந்தேன். மறுநாள் உருட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். உன் பழைய டயர்களை மாட்டும்போது நட்டுகளை இறுக்கியதும் நான்தான். அதில் ஒரு பின்டயரின் பக்கவாட்டில் லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே அடுக்கு விட்டால்தான் அப்படிப் புடைக்கும். அது என்னவென்று தெரிந்துகொள்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான். கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில் நீ போன் செய்தாய். "பறந்துருச்சா" என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பூப்பாறைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறாய். மழை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அந்தப் பின்டயர் வெடித்திருக்கிறது. நீ ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தாய். பாறையில் உரசி வண்டி நின்றது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் நீ எனக்குப் போன் செய்திருக்க மாட்டாய். எல்லோரும் பிழைத்தார்கள். பேச்சியக்காவின் வலது கை மட்டும் கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இருபது வருடமாக ஏலச் செடிக்கு அடியில் குத்தவைத்து இரண்டு கையாலும் காய் எடுத்த மனுஷி. உன் ஜீப்பில் முன்சீட்டு ஓரம் அவளுக்கென்று ஒதுக்கியது. அன்றைக்கு யாரோ கர்ப்பிணிக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.

"எஃப்.சி. முடிஞ்சு நாலு மாசந்தானடா ஆச்சு" என்றேன்.

நீ சொன்னாய்: "பாஸானது டயரு மாப்ளே. எஞ் ஜீப்பு இல்ல."

அந்தப் போனை வைத்தபோது என் மேசையில் ஒரு அறிக்கை கிடந்தது. இதை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இன்று முழுசாகச் சொல்கிறேன்.

இறக்கையின் தோலுக்கு உள்பக்கம், பலத்துக்காக நீளநீளமாகக் கார்பன் பட்டைகள் ஒட்டியிருக்கும். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அந்தப் பட்டைகள் முடியும். காற்று இறக்கையை மேலே வளைக்கும்போது, பட்டையின் நுனிதான் தோலிலிருந்து பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதற்கு ஒரு எண் வேண்டும். அதைச் சோதனை செய்துதான் எடுக்க வேண்டும். சோதனை தாமதம். அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் வேறொரு பழைய விமானத்தின் அறிக்கையிலிருந்து ஒரு எண்ணை எடுத்துப் போட்டேன். பிசின் வேறு, அடுக்கு வேறு. பக்கத்தில் "தற்காலிகம்" என்று எழுதினேன். அறிக்கை இரண்டு கை மாறித் திரும்பி வந்தபோது எண் இருந்தது, "தற்காலிகம்" என்ற சொல் இல்லை. எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் அவசரம். கையெழுத்துப் போட்டேன். அந்த இறக்கை காகிதத்தில் பாஸாகிவிட்டது.

விழாவில் போட்ட சாதா ஆணிகளைப் பற்றி உன்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவன் நான். என் இரவலைப் பற்றி எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. உன் டயரின் புடைப்பைத் தடவிவிட்டுச் சும்மா இருந்ததும் இதுவும் ஒரே கை செய்த வேலைதான்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய், என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "இன்னொரு தாமதம் வந்தால் அது உங்க பேர்ல வரும், தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அறுபது பேர் கொண்ட எங்கள் குழுவில் பல பேர் பல மாதம் என் முகம் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப வைத்திருந்த பட்டியலிலிருந்து என் பெயர் போனது. பிறகு ஒரு மாதிரித் துண்டைச் செய்து இழுத்துப் பார்த்தார்கள். நான் போட்ட எண்ணில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் பட்டையின் நுனி விட்டுவிட்டது. வெளியே பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. இரும்பாக இருந்தால் வளைந்து காட்டும். இது காட்டாது.

விமானம் மறுபடி தள்ளிப்போனது. நுனிகளையெல்லாம் செதுக்கி, உலோகத் துண்டு வைத்து, ஆணி போட்டு இறுக்க வேண்டும். இறக்கைக்குள் ஆள் படுத்துக்கொண்டு செய்யும் சோலி. ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அந்தச் செய்தியோடு ஊருக்கு வந்தேன். நீ அப்போது வண்டியை நிறுத்திப் போட்டிருந்தாய். பழைய டயர்களைத் தூக்கி எறிந்துவிட்டாய், புதிது வரும்வரை மலை ஏற மாட்டேன் என்றுவிட்டாய். காய் பறிப்பு மும்முரமான நேரம். ஸ்டாண்டில் டயர் இரவல் தரப் பத்துப் பேர் இருந்தார்கள். நீ கேட்கவில்லை. நீயும் யாருக்கும் தருவதில்லை என்று சொன்னதில்தான் அவர்களுக்குக் கோபம். "பெரிய மனுசனாயிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். நீ பதில் சொல்லாமல், பேச்சியக்காவைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தாய். அவள் கை முழங்கையில் மடங்கவே இல்லை.

குரங்கணி ரோட்டில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தோம், நினைவிருக்கிறதா? நான் கையெழுத்தைத் திரும்ப வாங்கிய கதையைச் சொன்னேன். எண்ணை நானே தெரிந்து போட்டேன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். உன்னிடம் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். "உன்னாலதாண்டா உன் சீட்டு லேட்டு" என்று கேலியாக முடித்தேன்.

"மெதுவா வரட்டும். நான் எங்க போகப் போறேன்?" என்றாய்.

போய்விட்டாய். அடுத்த தை மாதத்தில் ஒரு காலை, ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சாவியை முருகன் கையில் கொடுத்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். மூச்சு வாங்கும்போதுகூட, "ஹேண்ட் பிரேக்கு போட்டிருக்கேன்" என்று சொன்னாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்தது. நான் வந்து சேர்ந்தபோது ஸ்டாண்டில் ஒரு ஜீப்பும் மலை ஏறவில்லை. உன்மேல் கோபமாக இருந்தவர்கள்தான் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் நான் அழுதேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்து உன்மேல்கூட எனக்குக் கோபம் வந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு அந்தக் கையெழுத்தை விட்டுவைத்திருந்தால், விமானம் உன் காலத்திலேயே எழும்பியிருக்குமோ என்று கணக்குப் போட்டேன். எழும்பியிருக்கும், மாப்ளே. அந்த நுனிகள் முதல் நாளே விடாது. உன் டயர் நான்கு மாதம் ஓடியதே, அந்த மாதிரி. அந்தக் கணக்கை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

இன்று மத்தியானம் முருகனைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். பின்சக்கரம் மொட்டை, புதுசு வரப் பத்து நாள், புதன்கிழமை விட்டால் அடுத்த எஃப்.சி. எப்போதோ, காய் பறிப்பு நேரத்தில் பதினெட்டுப் பேருக்கு வண்டி இல்லாமல் போகும் என்று அவன் எல்லாவற்றையும் நியாயமாகத்தான் சொன்னான். தங்கச்சி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டாள். நிமிரவில்லை.

"ஸ்டாண்டுல பேச்சியக்கா வடை போட்டுக்கிட்டிருப்பாக. அவுககிட்டப் போயி கேளு முருகா. அவுக சரின்னா மாட்டிக்க" என்றாள்.

முருகன் வாசலுக்குப் போனான். செருப்பைப் போட்டான், கழற்றினான். பிறகு போனை எடுத்து, தேனிக்குப் பேசி, புதன்கிழமை வண்டி வராது என்று சொல்லிவிட்டான். ஆட்களை வேறு ஜீப்புகளில் பிரித்து ஏற்ற அப்போதிலிருந்து அலைந்துகொண்டிருக்கிறான். என்மேல் வருத்தம்தான் அவனுக்கு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் நடந்திருக்கும் என்று நினைக்கிறான்.

போன மாதம் வேலையாக வடக்கே போக வேண்டியிருந்தது. டிக்கெட்டில் விமானத்தின் பெயரைப் பார்த்தேன், நான் இறக்கைக்குக் கணக்குப் போட்ட அதே விமானம். சன்னலோர சீட்டு கேட்டு வாங்கினேன், இறக்கைக்கு நேராக. ஓடுதளத்தில் வேகம் எடுத்ததும் இறக்கை மெல்ல மேலே வளைந்தது. எவ்வளவு வளையும் என்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இருநூறு பேரில் ஒருவர்கூட இறக்கையைப் பார்க்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் மலை தெரியவில்லை, மேகம்.

இப்போதும் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பும், இந்த எண் யார் வண்டியுடையது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். உன் குரலில்தான் கேட்கிறேன். ஆபீஸில் என்னை எதையும் நோண்டிக்கொண்டே இருக்கிற நொச்சுக்காரன் என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

நாளைக்குப் பெங்களூர் பஸ். போகும் வழியில் கொட்டகைக்குப் போவேன். பெயின்ட் காய்ந்திருக்கும், பானெட்டில் என் விரல் தடம் அப்படியே இருக்கும். ஏழு வருடம் நீ கேட்டதற்கு, வரும், வரும் என்று மழுப்பியே அனுப்பினேன். ஜீப்பிடம் சொல்லும் பைத்தியக்காரத்தனம் எனக்கு வராது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பறந்துருச்சு மாப்ளே. சொந்த டயர்லதான்.